டோலி சங்கத்துல என்னைச் சேர்க்கல

அந்தப் பையை இப்படிக் குடுங்க தம்பி, மடியில வச்சுக்கறேன். மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி வரைக்கும் கையிலயே தொங்கவிட்டுட்டா வருவீங்க? உக்காருங்க, இன்னும் கொஞ்சம் நகர்றேன். என்னது இது, கத்தை கத்தையா? சங்கத் தேர்தல் நோட்டீஸா? நீங்க நிக்கறீங்களா? துணைத்தலைவருக்கா! அடேயப்பா. ஜெயிச்சுடுவீங்க, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. ஜெயிச்சப்புறம்தான் கஷ்டம்.

சும்மா சொல்லல. நான் மூணு சங்கத்துக்குச் செயலாளரா இருந்தவன். கூட்டுறவுப் பண்டகசாலை, கோயில் விழாக் கமிட்டி, டீமேக்கர்கள் நலச்சங்கம். தேயிலை ஃபேக்டரில தூள் பதம் பார்க்கற டீமேக்கர் கிருபாநிதின்னு கோத்தகிரில யாரை வேணாலும் கேளுங்க. தீர்மானம் எழுதறதுல இருந்து மிக்சர் வாங்கறது வரைக்கும் நான்தான். மிக்சர் இல்லேன்னா கூட்டத்துக்கு ஆள் சேராது, அது உங்களுக்கே தெரியும்.

இப்பேர்ப்பட்ட என்னை, தம்பி, ஒரு சங்கத்துல சாதாரண உறுப்பினராக்கூடச் சேர்த்துக்க மாட்டேன்னுட்டாங்க. எங்கன்னு கேளுங்க. ஆப்பிரிக்கால.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். ரிட்டயர் ஆன வருஷம், உகாண்டாவுல இருந்து கூப்பிட்டாங்க. தென்மேற்கு மூலையில, மலை ஊரு. அங்க கொஞ்சம் கொஞ்சம் தேயிலை போட்டிருக்கற விவசாயிங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து சொந்தமா ஒரு ஃபேக்டரி வச்சிருக்காங்க. முதலாளின்னு தனியா ஒருத்தர் கிடையாது. காலையில முதுகுல கூடையோட கொழுந்து கொண்டுவந்து போடறவரே சாயங்காலம் போர்டு மீட்டிங்ல உக்காந்திருப்பார். எனக்கு டீமேக்கர் வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். சரி, கூட்டுறவுன்னா என்னன்னு இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டு வரலாம்னு கிளம்பினேன். ஆமா, அப்படித்தான் நினைச்சேன். நினைக்கறதுல என்ன தப்பு?

என் வீட்டுக்காரி செண்பகமும் வந்தா. எனக்கு அந்த ஒரு விஷயத்துலதான் பயம். அவளுக்கு இழுப்பு. குளிரும் ஈரமும் சேர்ந்தாப் போதும், நெஞ்சுக்குள்ள விசில் அடிக்க ஆரம்பிச்சுடும். ஜாஸ்தியானா உதடு நீலமாயிடும். முப்பது வருஷமாப் பார்க்கறேன், இன்னும் எனக்குப் பழகல தம்பி. அந்த உதட்டைப் பார்த்தா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நாங்க இருந்த குவார்ட்டர்ஸ் மலைக்கு இந்தப் பக்கம், பாதிச் சரிவுல. மிஷன் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். ரோட்டுல போனா சுத்திச் சுத்தி இருபத்தஞ்சு கிலோமீட்டர். ஆனா வாசல்லயே ஃபேக்டரி ஜீப் நிக்குது. அப்புறம் என்ன பயம்னு அவளுக்குத் தைரியம் சொன்னேன். எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கிட்டேன்.

அக்டோபர் மாசம் மழை புடிச்சுது. ஒருநாள் காலையில பதினோரு மணி இருக்கும். நானூறு கிலோ தூள் பதமா நொதிச்சு டிரையருக்குள்ள போக ரெடியா இருக்கு. திடீர்னு மலை மேல இருந்து யாரோ கொம்பு ஊதற சத்தம். பார்த்தா, பாய்லர்ல இருந்த ஃபயர்மேன் விறகை அப்படியே போட்டுட்டு ஓடறான். ரோலிங் ரூம்ல இருந்து ரெண்டு பேர் ஓடறாங்க. "எங்கடா ஓடறீங்க?"ன்னு நான் தமிழ்லயே கத்தறேன். ஒருத்தன் நிக்கல.

அந்த ஃபயர்மேன் பேரு பியாருஹங்கா. எனக்கு வாயில நுழையாது, பியாருன்னுதான் கூப்பிடுவேன். ஆறரை அடி இருப்பான். எதுக்கும் அலட்டிக்க மாட்டான். என்ன திட்டினாலும் "சரி, முஸே" அவ்வளவுதான். முஸேன்னா அங்க பெரியவரேன்னு மரியாதை. மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

மத்தியானம் முழங்கால் வரைக்கும் சேத்தோட திரும்பி வந்தான். அதுக்குள்ள ஆவி இறங்கி, டிரையர் ஆறி, நானூறு கிலோவும் புளிச்சுப் போச்சு. எங்க போனேன்னு கேட்டா, டோலி தூக்கப் போனானாம். நம்ம மலையிலயும் கட்டுவாங்களே, ரோடு இல்லாத ஊர்ல, அதேதான். ஆனா அவங்க மூங்கில்ல கூடை மாதிரி பின்னி, நீளக் கம்பு கோத்து, நாலு பேர் தோள்ல வச்சுத் தூக்குவாங்க. அதுக்குன்னே ஒரு சங்கம். ஒரு ஊருல இருக்கற அத்தனை வீடும் அதுல உறுப்பினர். யாருக்காவது உடம்பு முடியலேன்னா கொம்பு ஊதுவாங்க, முறை வச்சுத் தூக்குவாங்க. ஆம்பளைங்க தூக்கினா, பொம்பளைங்க அந்த வீட்டுக்குச் சமைச்சுப் போட்டு, காட்டுல களை எடுத்துக் குடுப்பாங்க. ஆம்புலன்ஸ் வராத ஊரு, அவங்களே ஆம்புலன்ஸ்.

நல்ல விஷயம்தான், நான் இல்லேங்கல. ஆனா பாய்லர்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரு வாரம் சஸ்பென்ஷன்னு மெமோ அடிச்சேன். கையெழுத்து வாங்க போர்டு தலைவர்கிட்டப் போனா, மனுஷன் வாசல்ல உக்காந்து கால்ல சேறு கழுவிக்கிட்டு இருக்கார். அவரும் டோலி தூக்கிட்டு இப்பத்தான் வந்தாராம்! மெமோவைப் படிச்சார். "பியாருஹங்கா எனக்கு எதிர்ப்பக்கம் தூக்கினான். நல்லாத் தூக்கினான்"னார். அப்புறம், ஒப்பந்தப்படி டீமேக்கர் சொன்னாப் போட்டுத்தான் ஆகணும்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தார். பியாரு வாங்கிப் படிச்சுட்டு "சரி, முஸே"ன்னான்.

அன்னைக்கு வீட்டுல செண்பகம் கேக்கறா, "யாரைங்க தூக்கிட்டுப் போனாங்க?"

"யாரோ பிள்ளைத்தாச்சியாம்."

"குழந்தை பொறந்துதா?"

"எனக்கென்ன தெரியும்? என் தூளு புளிச்சுப் போச்சுன்னு நான் அழுதுட்டு இருக்கேன்."

அவ ஒரு பார்வை பார்த்தா பாருங்க. மறுநாளே கேசரி கிண்டி எடுத்துக்கிட்டு அந்தக் குழந்தையைப் பார்க்கப் போயிட்டா. பாஷை தெரியாது, ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் திரும்பி வர்றப்ப பின்னாலயே நாலு பொம்பளைங்க, கையில வாழைக்காய், சேனைக்கிழங்கு, பீன்ஸு. அதுல மேடியஸ்னு ஒரு அம்மா. ஃபேக்டரில கொழுந்து எடை போடற கிளார்க்கும் அந்தம்மாதான், டோலி சங்கத்துக்குப் புத்தகம் எழுதறதும் அந்தம்மாதான். குரல்னா குரல், நம்ம ஃபேக்டரி சங்கு தோத்துப் போகும்.

செண்பகம் ஆரம்பிச்சா. "ஏங்க, நாமளும் அந்தச் சங்கத்துல சேர்ந்துக்கலாம்."

"எதுக்கு? ஜீப் இருக்கே."

"ஜீப் ரோட்டுலதானங்க ஓடும்?"

"பின்ன ஆத்துலயா ஓடும்? பேசாம இரு"ன்னுட்டேன். அவளும் பேசாம இருந்துட்டா. அவ பேசாம இருந்தா ஏதோ நடக்குதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். கண்டக்டர், ரெண்டு கோத்தகிரி. இல்ல தம்பி, நீங்க சும்மா இருங்க, நான்தான் எடுப்பேன். துணைத்தலைவர் ஆனப்புறம் நீங்க எடுங்க.

எங்க விட்டேன்? ஆங், ரோடு. அடுத்த வாரமே ரோட்டுல ஒரு இடத்துல பாதி சரிஞ்சு ஆத்துல போயிடுச்சு. ஜீப் ரெண்டு நாள் நின்னுது. செண்பகம் மருந்து இழுக்கற டப்பாவை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. சரி, கௌரவம் பார்க்க வேண்டாம், நாமளே போய்ச் சேர்ந்துடலாம்னு முடிவு பண்ணினேன். சும்மா போக முடியுமா? சங்கத்துக்கு ஒரு சட்டதிட்டம் எழுதினேன், பதினாலு பக்கம். தலைவர், ரெண்டு துணைத்தலைவர், ஆலோசகர்னு ஒரு பதவி. ஆலோசகருக்கு நம்ம பேரு மனசுல இருந்துது. அதைச் சொல்லல.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு மரத்தடியில கூட்டம். மிக்சரும் இல்ல, டீயும் இல்ல, ஆனா நூத்திப்பத்து பேர் வந்திருக்காங்க தம்பி! எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் இங்கிலீஷ்ல நாப்பது நிமிஷம் பேசினேன். வயசானவங்க, அதிகாரிங்க எல்லாம் தோள் குடுக்கறதுக்குப் பதிலா கூலிக்கு ஆள் வச்சுக்கலாம்னு ஒரு யோசனை சொன்னேன். நல்லாச் சிரிச்சாங்க, ரசிச்சுக் கேட்டாங்க. முன்வரிசையில ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்கன்னா பார்த்துக்கங்க.

பேசி முடிச்சதும் மேடியஸம்மா எந்திரிச்சுது. "முஸே, உறுப்பினர்னா இங்க தோள். வேற ஒண்ணும் இல்ல. வெளியூர்க்காரங்க சேரணும்னா, அவங்களுக்கு இந்தப் பாதையும் நடையும் பழகற வரைக்கும், முதல் மழைக்காலம் பூரா, பழைய ஆள் ஒருத்தர் அவங்க வீட்டு முறையையும் சேர்த்துத் தூக்கணும். ஒரு ஆள் ஒரு வீட்டுக்குத்தான் அப்படி நிக்கலாம். உங்களுக்கு யார் நிக்கறது?"ன்னு கேட்டுட்டு, புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்துது. அப்புறம் என் வீட்டுக்காரியைப் பார்த்துது. புத்தகத்தை மூடிடுச்சு. உடனே செண்பகத்துக்கு இருமல் வந்துடுச்சு. இழுப்புதான் வந்துடுச்சோன்னு பதறிப் போய் தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சா. முகத்தை முந்தானையில மூடிக்கிட்டா, தோள் குலுங்குது, பாவம்.

யாரும் எந்திரிக்கல. எனக்கு யாரைத் தெரியும்? பாய்லர்ல நிக்கறவனைத்தான் தெரியும். "பியாரு நிப்பான்"னேன். அவன் எந்திரிச்சு, தொப்பியைக் கழட்டிட்டு, "எனக்கு முடியாது, முஸே"ன்னான். நூத்திப்பத்து பேர் முன்னால தம்பி! ஒரு வாரம் சஸ்பெண்ட் பண்ணினதை மனசுல வச்சுக்கிட்டுப் பழிவாங்கறான்னு நினைச்சேன். நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க? பதினாலு பக்கத்தையும் சுருட்டி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் செண்பகத்துக்கு அந்த இருமல் நிக்கவே இல்ல.

அப்புறம் கேளுங்க கூத்தை. அடுத்த வாரம் வியாழக்கிழமை கொம்பு ஊதினாங்க, பியாரு ஓடினான். இந்தத் தடவை நான் இன்னொருத்தனைப் பாய்லர்ல பழக்கி வச்சிருந்தேன், தூள் தப்பிச்சுது. சரி போகட்டும்னு விட்டேன். சனிக்கிழமை மறுபடியும் கொம்பு. மறுபடியும் ஓடறான்! முறை வந்தாத்தான் போகணும், ஒரு சுத்து வர மாசக்கணக்காகும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. திரும்பி வந்ததும் பிடிச்சேன்.

"வியாழக்கிழமைதானே உன் முறை முடிஞ்சுது?"

"இது வேற முறை, முஸே."

"வேற யாரோட முறை?"

அவன் பாய்லர் முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னான். யாரோ ஒரு சோம்பேறி தன் வேலையை இவன் தலையில கட்டியிருக்கான், என் பாய்லர் கெடுது! "எவன்டா அவன், தன் வீட்டுக்குத் தூக்க வக்கில்லாதவன்?"னு கேட்டேன். ரெண்டு வாரம் சஸ்பென்ஷன். "சரி, முஸே"ன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் சாம்பார்ல உப்பு இல்ல. கேட்டதுக்கு, "உப்பு வேற முறை"ன்னா செண்பகம். எனக்கு ஒண்ணும் புரியல.

அட, ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி, பனி வருது.

நவம்பர் ரெண்டாவது வாரம். மூணு நாளா விடாத மழை, ரோடு முழுசா போயிடுச்சு. காலையில ஒன்பது மணிக்கு ஃபேக்டரில இருக்கேன், எங்க வீட்டுல வேலை செய்யற பொம்பளை ஓடி வர்றா. போய்ப் பார்த்தா செண்பகம் கட்டில் விளிம்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பேச முடியல. டப்பாவை அழுத்தி அழுத்திப் பார்க்கறா, காத்துதான் வருது, மருந்து இல்ல. உதடு நீலமாயிடுச்சு.

ஜீப் நிக்குது, டிரைவர் நிக்கறான், ரோடு இல்ல. கொம்பு எங்க இருக்கு, யார் ஊதணும், எதுவும் எனக்குத் தெரியாது. மரத்தடியில நாப்பது நிமிஷம் பேசினேனே, அதை ஒரு வார்த்தை கேட்டேனா? ஓடினேன். ஃபேக்டரிக்குள்ள போய் சங்குச் சங்கிலியைப் புடிச்சு இழுத்தேன் பாருங்க, விடவே இல்ல. மலை பூராக் கேட்டிருக்கும். டீ டைம்னு நினைச்சு கையில டம்ளரோட ரெண்டு பேர் வந்தாங்க. அப்புறம் கீழ இருந்து, மேல இருந்து, வாழைத் தோப்புக்குள்ள இருந்து வர்றாங்க வர்றாங்க, முப்பது நாப்பது பேர். யார் முதல்ல வந்தாங்கறீங்க? பியாரு. சஸ்பென்ஷன்ல காட்டு வேலை பார்த்துட்டு இருந்தவன், கையில மண்வெட்டியோட வந்து நிக்கறான்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் உறுப்பினர் இல்ல, எனக்குத் தெரியும். என்னை விடுங்க, அவளை மட்டும் தூக்குங்க"ன்னேன். அழுகை வந்துடுச்சு, வெக்கமா எல்லாம் இல்ல.

மேடியஸம்மா ஒரு அதட்டு அதட்டுச்சு. "யார் கேட்டா உங்களை? உறுப்பினரா இல்லாட்டியும் முதல்ல தூக்குவோம், அப்புறம்தான் திட்டுவோம். ஆனா செண்பகா உறுப்பினர்தான்." புத்தகத்தைத் திறந்து வாசிக்குது: "வீடு, செண்பகா. இந்த மழைக்குத் தோள், பியாருஹங்கா."

நான் ஜீப் இருக்குன்னு சொன்ன மறுநாளே இவ போய் சேர்ந்திருக்கா தம்பி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்காக நின்னவன் அவன். ஒரு ஆள் ஒரு வீட்டுக்குத்தான் நிக்கலாம், அதனாலதான் கூட்டத்துல எனக்கு முடியாதுன்னிருக்கான். அந்த சனிக்கிழமை பாய்லரை விட்டுட்டு ஓடினானே, வேற முறைன்னானே, அது யாரோட முறைங்கறீங்க? என் வீட்டு முறை. நான் தூக்க வேண்டியதை அவன் தூக்கிட்டு வந்திருக்கான், அதுக்கு நான் ரெண்டு வாரம் சஸ்பென்ஷன் குடுத்திருக்கேன். தன் வீட்டுக்குத் தூக்க வக்கில்லாதவன் எவன்டான்னு அவன்கிட்டயே கேட்டிருக்கேன். அவ்வளவையும் கேட்டுக்கிட்டு "சரி, முஸே"ன்னு போயிருக்கான். கெரகம், எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னு தெரியல.

அதுக்கெல்லாம் அங்க நேரம் இல்ல. இழுப்புக்காரியைப் படுக்க வைக்கக் கூடாதுன்னு கொழுந்துச் சாக்கை அடுக்கி, டோலிக்குள்ள சாய்ஞ்சாப்ல உக்கார வச்சாங்க. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினா ஏழு கிலோமீட்டர்தான். நாலு பேர் தூக்குவாங்க, மீதிப்பேர் கூடவே வருவாங்க, களைச்சா மாத்திக்குவாங்க. "நான் தூக்கறேன், என் பொண்டாட்டி"ன்னு முன்னால போய் நின்னேன். மேடியஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துது. நான் அஞ்சடி ஒரு அங்குலம். மத்த மூணு பேரும் பியாரு வளர்த்தி. சரி, நிக்கட்டும்னு கையைக் காட்டுச்சு.

ஏறினோம். வழுக்குது, மூச்சு வாங்குது, ஆனா தோள்ல கனமே இல்ல தம்பி. முதல்ல பெருமையா இருந்துது. மலையில பொறந்த உடம்பு, அம்பத்தெட்டு வயசுலயும் பாருன்னு நினைச்சேன். அரை மைல் ஆச்சு. அப்பவும் கனம் இல்ல. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துது. அவ இவ்வளவு லேசா இருக்க மாட்டாளே! நல்லாச் சாப்பிடறவ, கட்டில்ல உக்காந்தா கட்டில் சத்தம் போடும். என்ன ஆச்சு அவளுக்கு? மனுஷன் போயிட்டா உடம்பு கனக்கும்னு சிலபேர் சொல்வாங்க, லேசாயிடும்னு சிலபேர் சொல்வாங்க. எனக்கு எதை நம்பறதுன்னு தெரியல. திரும்பிப் பார்க்கவும் பயம். "செண்பா, செண்பா"ன்னு கூப்பிடறேன், மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

"பியாரு, கனமே இல்லடா! இறக்குங்க, பாருங்க!"ன்னு கத்திட்டேன்.

பின்னால இருந்து அவன் சொல்றான், "முஸே, கம்பு உங்க தோள்ல இல்ல."

நிமிர்ந்து பார்த்தா, கம்பு என் தோளுக்கு மேல ஒரு சாண் உயரத்துல போகுது. நான் கையை மட்டும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நடந்துட்டு வர்றேன். பக்கத்துல இருந்தவன் என் பங்கையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கான். யாரும் சிரிக்கல. இல்ல, சிரிச்சாங்க, ஆனா சத்தம் வரல.

"உன் சஸ்பென்ஷனை ரத்து பண்றேன்"னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

"மூச்சை வீணாக்காதீங்க, முஸே. இன்னும் ஏத்தம் இருக்கு"ன்னான்.

உச்சிக்குப் போனதும் மேடியஸம்மா டோலியை நிறுத்துச்சு. அந்தப் பக்கம் இறக்கம் பூரா மூங்கில் காடு, கிளை எல்லாம் தாழ்வா வளைஞ்சு கிடக்கும். வளர்ந்தவங்க தூக்கினா டோலி மாட்டிக்கும். அதனால அந்த இறக்கத்துக்குன்னே குட்டையானவங்க நாலு பேரை வச்சிருக்காங்க. பாதிரியார் ஒருத்தர், தையக்காரர் ஒருத்தர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஒருத்தர். நாலாவது ஆள் அன்னைக்குன்னு பார்த்து சந்தைக்குப் போயிட்டான். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறாங்க. செண்பகம் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது, கண்ணு பாதிதான் திறந்திருக்கு.

"முஸே இருக்காரே"ன்னான் பியாரு.

மேடியஸம்மா என்னைப் பார்த்துது. இந்தத் தடவை ஏற இறங்கப் பார்க்கல. "வழுக்கினா கம்பை விடக்கூடாது. முட்டி போட்டு உக்காரணும். தெரியுதா?"ன்னுது. தெரியுதுன்னேன். பியாரு என் சட்டைக் காலரை மடிச்சு, துண்டைச் சுருட்டி, தோள்ல வச்சு அமுக்கினான். நாலு பேரும் ஒரே உயரம். ஒண்ணாக் குனிஞ்சோம். ஒண்ணா எந்திரிச்சோம்.

இறங்குச்சு பாருங்க தம்பி, கம்பு என் தோள்ல! எலும்பு நொறுங்கற மாதிரி. கண்ணுல பூச்சி பறக்குது. இறக்கத்துல முன்னால நிக்கறவனுக்குத்தான் பாரம் ஜாஸ்தின்னு அப்புறம் சொன்னாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துது. கனமா இருந்தா தம்பி. என் செண்பகம் நல்லாக் கனமா இருந்தா.

மூணு கிலோமீட்டர். ரெண்டு தடவை வழுக்கினேன், ரெண்டு தடவையும் முட்டி போட்டு உக்காந்தேன், கம்பை விடல. பியாரு எனக்கு முன்னாலயே பின்பக்கமா நடந்து, நான் எங்க கால் வைக்கணும்னு கையைக் காட்டிக்கிட்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கினப்ப என் தோள் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல.

மூக்குல மாஸ்க் வச்சு, ஊசி போட்டு, ரெண்டு மணி நேரம். வெளிய வராந்தாவுல நாப்பது பேரும் ஈரத்தோட உக்காந்திருக்கோம். ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. கடைசியில நர்ஸ் வந்து, உதடு சிவந்துடுச்சு, டீ கேக்கறாங்கன்னு சொன்னா. பாதிரியார் ஜெபம் பண்ண ஆரம்பிச்சார், நான் முருகாங்கறேன்.

மேடியஸம்மா புத்தகத்தை எடுத்துச்சு. பியாரு பேரை அடிச்சுது. அப்பாடா, சேர்த்துட்டாங்கன்னு என் பேருக்கு எழுத்து எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன். கிருபாநிதின்னு அங்க யாருக்கு எழுத வரும்? அந்தம்மா நிறுத்துன்னுது. "உறுப்பினர் செண்பகாதான். வீட்டுக்கு ஒரு உறுப்பினர்"னுட்டு, தோள்னு போட்டிருக்கற இடத்துல "புருஷன்"னு எழுதுச்சு. அவ்வளவுதான்! ரெண்டு வருஷம் முடிஞ்சு நாங்க கிளம்பற வரைக்கும் பதினோரு தடவை தூக்கினேன், பாய்லரை விட்டுட்டு ஓடினேன், என் மேலயே ஒரு மெமோ வந்துது. ஆனா என் பேரு அந்தப் புத்தகத்துல கிடையாது. நீங்களே நியாயம் சொல்லுங்க, துணைத்தலைவர் ஆகப் போறீங்க.

ஆஸ்பத்திரில அன்னைக்குச் சாயங்காலம் மருந்தளவு கணக்குப் பண்ணணும்னு நர்ஸ் செண்பகத்தை எடை மெஷின்ல ஏத்தினா. நான் பக்கத்துல நின்னேன். "பார்க்காதீங்க, திரும்பி நில்லுங்க"ங்கறா இவ, குரல் இன்னும் சரியா வரல, அதுக்குள்ள வெக்கம். நர்ஸ் முள்ளைப் பார்த்து, "அறுபத்தெட்டு"ன்னா.

"இல்லம்மா, அதுக்கு மேல இருக்கும்"னேன். "தூக்கினவன் நான், எனக்குத் தெரியாதா?"